கடைக்கோடி அறை

எங்கள் விடுதியில் தங்கிவிட்டுக் கிளம்புகிற ஒவ்வொருவரும், பையைத் தூக்கி ஜீப்பில் வைக்கும்போது பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். “உங்களுக்கென்னங்க, குடுத்து வச்சவங்க. எழுந்தா மலை, படுத்தா அருவிச் சத்தம்.” நானும் பல்லைக் காட்டி வைப்பேன். படுத்தால் என்கிறார்களே, எங்கே படுத்தால் என்று ஒருவராவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் என் ஓர்ப்படியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தியிருப்பேன். அந்த விடுதியின் எல்லா அறைகளுக்கும் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கியது. அவளுக்கென்று ஓர் அறை மட்டும் கிடையாது.

ஓர்ப்படி என்றால், என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள்கூட அப்படி வாய்ப்பாளா என்பது சந்தேகம். விடுதியைக் கட்டியது எங்கள் மாமனார். மேலே அருவி, கீழே ஏரி, நடுவில் மலையைச் சுற்றிக்கொண்டு போகிற நடைபாதை, அதன் முடிவில் தவளை உட்கார்ந்த மாதிரி ஒரு பாறை. இவ்வளவையும் பார்க்க வருகிறவன் எங்கேயாவது படுத்தாக வேண்டுமே என்று யோசித்து, நடுவழியில் கல்லை அடுக்கிவிட்டார் மனிதர். அறைகளைக் கணக்குப் பார்த்துக் கட்டினார். குடும்பம் எங்கே படுக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். மறந்தாரா, மறந்த மாதிரி இருந்துவிட்டாரா, அது அவருக்கே வெளிச்சம்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு சட்டம் போட்டார். எந்த அறை காலியாக இருக்கிறதோ அங்கே நாங்கள் படுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் வந்துவிட்டால், நாங்கள் அங்கே இருந்த சுவடே தெரியக் கூடாது. ஜீப்காரர் கீழேயிருந்து ஏறி வரும்போது கடைசி வளைவில் ஹாரன் அடிப்பார். ஒன்று அடித்தால் வெறும் வண்டி. இரண்டு அடித்தால் வண்டியில் ஆள் இருக்கிறது. அந்த இரண்டாவது ஹாரன் கேட்டதும் எங்கள் வீட்டில் நடக்கிற கூத்தைப் பார்க்க வேண்டுமே! படுத்திருந்தவர் எழுவார், தின்றுகொண்டிருந்தவர் தட்டோடு ஓடுவார். பழைய விரிப்பு உருவப்படும், புது விரிப்பு உதறப்படும், தலையணையில் ஒட்டிய முடி பொறுக்கப்படும், சோப்பு மாறும், ஜன்னல் திறக்கும். விருந்தாளிகள் படியேறி உள்ளே வருவதற்குள், அந்த அறையில் இதுவரை யாரும் மூச்சுக்கூட விட்டதில்லை என்று சத்தியம் செய்யலாம் போல இருக்கும்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. அருவியைப் பார்த்த பெரிய அறையில் எங்களைக் குடிவைத்திருந்தார்கள். அடடா, என்ன மாதிரி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று கனவு கண்டபடி மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்டது. அக்கா உள்ளே வந்து என் அடியிலிருந்து விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள்.

“எழுந்திருடி புதுப்பொண்ணே, ஆள் வருது.”

“நான் எங்கக்கா போறது?”

“அதெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். முதல்ல உன் வளையலைப் பொறுக்கு.”

அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அழுதேன். அக்கா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “இதுதான் உன் பீரோ. இதுக்கு மேல சொத்து சேர்க்காதே, தூக்க முடியாது.” அழுகையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

அவள் கதை இன்னும் மோசம். மகளைப் பெற வலி எடுத்தபோது மாடி அறையில் படுத்திருந்தாளாம். ஹாரன் இரண்டு. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் எழுந்து, கட்டிலை ஒழுங்குபண்ணி, விரிப்பின் நான்கு மூலையையும் மடக்கிச் செருகிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவந்து சாமான் அறையில் பெற்றாளாம். இதை மாமனார் உயிரோடு இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். “என் மருமக மாதிரி வருமா?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் இரண்டு பையன்களையும் பள்ளிக்கூட ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். போகட்டும். அங்கே அவர்களுக்கு ஆளுக்கொரு கட்டில் இருக்கிறது, அதைக் காலி பண்ண யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

சாமான் அறை என்றேனே, அது சமையலறைக்குப் பின்னால் இருந்தது. விரிப்பு, போர்வை, சோப்புப் பெட்டி, சர்க்கரை டின் எல்லாம் அதற்குள்தான். சீசனில் மற்ற அறைகள் நிரம்பிவிட்டால் அக்காவுக்கு அதுதான் கதி. அவள் புருஷன், அதாவது எங்கள் மூத்தவர், முன்கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப் பழகிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் சமையலறை மேடைக்குக் கீழே. சாமான் அறையின் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி உண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. சாமானா கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறது? போர்வை எடுக்க ஒருவர், சர்க்கரை எடுக்க ஒருவர் என்று கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அவள் புடவை மாற்றுகிறபோதும் திறக்கும். “யாரு?” என்று கேட்டுக்கொண்டே முதுகைத் திருப்பிக்கொள்வாள். அவள் ஆயுளில் பாதி முதுகைத் திருப்பியே போனது.

ஆனால் அவள் ஒன்றும் அழுமூஞ்சி இல்லை. குள்ளம், சுறுசுறுப்பு, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு குத்தல். அருவிக்கு வழி கேட்டால் சலிக்காமல் சொல்வாள். அவள் எத்தனை தடவை போயிருக்கிறாள் என்று ஒரு விருந்தாளி கேட்டபோது, “ஒரு தடவை போனேங்க. தண்ணி மேலேர்ந்து கீழ விழுது. அதை நான் தினமும் குளியலறையில வாளி வாளியா பார்க்கறேன்” என்றாள். மகள் எங்கேயோ பெருநகரத்தில் வேலையாக இருந்தாள். வாம்மா வாம்மா என்று கூப்பிடுவாள். அவளே நான்கு பெண்களோடு ஒரு அறையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். “அங்க வந்து நான் யாரை எழுப்பிவிட்டுப் படுக்கறது?” என்று அக்கா சிரித்துவிடுவாள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சூட்டுவலி என்றாள், வாயுவென்றாள், சரியாகப் போய்விடும் என்றாள். புடவை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் நான் சத்தம்போட்டு ஜீப்பில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, டாக்டர் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடவே போய் நின்றேன். போகச் சொன்னாலும் போகிற ஆள் இல்லை நான். வயிற்றில் கட்டியாம், முற்றிப் போய்விட்டதாம். வெட்டியெடுக்க முடியாதாம். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். அவங்க ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க” என்றார்.

அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் என்ன பச்சைக் குழந்தையா? திரும்பி வரும்போது ஜீப்பில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? அவ்வளவுதானா நானு?” என்றாள். மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவர்தான் கேட்டார்.

“உனக்கு ஏதாவது வேணுமா? என்ன வேணும்னாலும் சொல்லு.”

அவள் யோசிக்கவே இல்லை. வருஷக்கணக்காகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“கடைக்கோடி அறை வேணும். உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

கடைக்கோடி அறை எங்கள் விடுதியிலேயே சோப்ளாங்கி அறை. ஜன்னலுக்கு நேரே ஒரு மரம் நின்று மலையை மறைத்துவிடும். அருவி தெரியாது, ஏரி தெரியாது. எல்லா அறைகளும் போன பிறகுதான் அதற்கு ஆள் கிடைக்கும். அதைக் கேட்டாள் என் அக்கா. ராஜ்ஜியத்தையே கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மூத்தவர் மெதுவாக, “சீசன் ஆரம்பிக்குதே... அது முடிஞ்சதும்...” என்று இழுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜீப்பிலேயே எழுந்து நின்று தலையில் இடித்துக்கொண்டேன். “முடிஞ்சதும்னா எது முடிஞ்சதும் அத்தான்? சீசனா, அக்காவா?” என்று கேட்டுவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்காரர்கூட வேகத்தைக் குறைத்துவிட்டார். மூத்தவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பாவின் சட்டத்தை மீற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அதைத் தேடி எடுத்தார். கடைக்கோடி அறைக் கதவிலிருந்த எண் பலகையைத் தானே கழற்றினார். “இது இனிமே நம்ம வீடு” என்றார்.

அக்கா அந்த அறைக்குப் போனாள். போனாளே தவிர, இருக்கத் தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். சீப்பு, எண்ணெய், மாத்திரை எல்லாவற்றையும் நான் மேஜைமேல் எடுத்து வைப்பேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் பைக்குள் போயிருக்கும்.

“என்னக்கா இது? எங்க கிளம்பிட்ட?”

“பழக்கம்டி. வெளியில கிடந்தா கை அரிக்குது.”

“அரிச்சா சொறிஞ்சுக்கோ. சீப்பைத் தொட்ட, கையை உடைச்சிடுவேன்.”

இப்படி நாலைந்து நாள் மல்லுக்கட்டின பிறகு சீப்பு மேஜைமேல் தங்கியது. அடுத்து எண்ணெய் பாட்டில். அப்புறம் கொடியில் ஒரு புடவை. ஒரு நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். எனக்கு உயிரே போய்விட்டது. “அக்கா! அக்கா!” என்று இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளேயிருந்து சாவகாசமாகக் குரல் வந்தது.

“யாரது?”

“நான்தான். கதவைத் திற.”

“திறக்க மாட்டேன் போடி. நான் படுத்திருக்கேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வலியோடு சிரித்ததால் நடுவில் இருமல் வந்தது, அதற்குப் பிறகும் சிரித்தாள். நான் வாசலிலேயே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி ஆறி ஏடு கட்டியது. அவளாகத் திறக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் வானம் பொத்துக்கொண்ட மழை. மழை நின்றால் அருவி பார்க்கலாம் என்று வந்தவர்கள் எல்லோரும் அறைக்குள்ளேயே முடங்கிவிட்டதால் ஒரு அறையும் காலியாகவில்லை. ஜீப்காரருக்கு மூத்தவர் போனில் சொல்லியே இருந்தார், இனி ஆள் ஏற்றாதே, இடமில்லை என்று. ஜீப்காரரும் கீழே யாரையும் ஏற்றவில்லை. வழியில் ஒரு கார் சேற்றில் புதைந்து கிடந்திருக்கிறது. உள்ளே புருஷன், பொண்டாட்டி, கைக்குழந்தை. கீழே போகிற சாலையில் மரம் விழுந்து பாதை அடைபட்டுவிட்டது. பச்சைக் குழந்தையை மழையில் விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்? ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசி வளைவில் கை தன்னால் போய் ஹாரனில் விழுந்தது. இரண்டு முறை.

நான் சமையலறையில் விருந்தாளிகளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பின்பக்கம் கூரை ஒழுகுகிற இடத்தில் தகரம் வைத்துக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் மூத்தவர் அந்தப் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. “மன்னிச்சுக்கோங்க தம்பி, ஒரு அறைகூட இல்லை. இந்தக் கூடத்துலயே போர்வை விரிச்சுத் தர்றேன், குழந்தையை வச்சுக்கிட்டு இங்கயே இருங்க.” நல்லதாகத்தான் சொன்னார். அவர் அந்த அறையைப் பற்றி மூச்சே விடவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அதற்குள் நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வந்தாள். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோளில் துணிப்பை. கையில் சாவி. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

“வாங்க, வாங்க. அறை ஒண்ணு காலியா இருக்கு. புது விரிப்பு போட்டிருக்கேன். குழந்தைக்கு வெந்நீர் வேணுமா?”

நான் கரண்டியோடு ஓடிவந்தேன். அதற்குள் சாவி அந்தப் பெண் கைக்குப் போய்விட்டது. மூத்தவர் அக்காவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விருந்தாளி முன்னால் வீட்டுப் பேச்சு பேசக்கூடாது என்பதும் அப்பா போட்ட சட்டம்தான். அந்தப் பெண் நனைந்து நடுங்கிக்கொண்டே, “ரொம்ப நன்றிம்மா” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் உள்ளே போனதும் நான் கத்தினேன்.

“உனக்குப் பைத்தியமாக்கா? யாரைக் கேட்டுக் குடுத்த?”

“கத்தாதடி, அவங்க காதுல விழும்.” அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது போல. தன் தோளிலிருந்த பையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். “எனக்கே தெரியலைடி. ஹாரன் கேட்டுச்சு. எழுந்தேன். எழுந்தப்புறம் பார்த்தா எல்லாம் முடிஞ்சிருக்கு.”

அந்த உடம்போடு அவள் எப்படிக் கட்டிலை ஒழுங்குபண்ணினாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்புறம் போய்ப் பார்த்தேன். விரிப்பின் நான்கு மூலையும் கத்தியால் வெட்டியது போல மடித்துச் செருகியிருந்தது. தலையணையில் ஒரு முடி இல்லை.

“ரெண்டு நாள்தானே, வழி திறந்தா போயிடப் போறாங்க” என்று சொல்லிவிட்டு அக்கா சாமான் அறைக்குப் போனாள். வழி திறந்தது. மற்ற அறைக்காரர்களும் போகவில்லை, அவர்களும் போகவில்லை. குழந்தைக்குச் சளி, இந்த அறையில்தான் நன்றாகத் தூங்குகிறது என்றார்கள். மழை விட்டதும் அருவி ஊரையே அடித்துக்கொண்டு போகிற மாதிரி கொட்டியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பார்த்துவிட்டே போகலாம் என்றார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான் என்று நான் பொருமினேன். ஆனால் அவர்கள் எதையும் பிடுங்கவில்லை. அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

“போய்ச் சொல்லுங்க அத்தான். வேற அறை காலியானதும் மாத்திக்கச் சொல்லுங்க” என்று மூத்தவரைத் தள்ளிவிட்டேன். போனார். கதவைத் தட்டினார். திரும்பி வந்தார்.

“சொன்னீங்களா?”

“இன்னொரு கம்பளி வேணுமான்னு கேட்டேன்.”

“கிழிஞ்சது போங்க!” என்று நானே கிளம்பினேன். அக்கா கூப்பிட்டாள். சாமான் அறையில் சோப்புப் பெட்டிகளுக்கும் போர்வை அடுக்குக்கும் நடுவில் ஊசிபோலக் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

“போகாதே. நான் குடுத்த அறை அது. நான் குடுத்ததை நீ போய்த் திருப்பிக் கேட்டா என் மானம் போச்சு.”

“உன் மானத்தைக் குப்பையில போடு. உனக்கு அந்த அறை வேணுமா வேணாமா?”

“வேணும்டி.” அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. “ரொம்ப வேணும். ஆனா எழுந்திருச்சுப் போன்னு ஒருத்தரைச் சொல்றதைக் கேட்டுக்கிட்டு எனக்குப் படுக்க முடியாது. எனக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்னு தெரியும். என் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். வேறு என்ன செய்வது? இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு வாரம்தான். என் வீட்டுக்காரர் சாமான் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடிக்கப் போனார். மரம் உளுத்துப்போயிருந்தது, ஆணி நிற்கவில்லை. அடிக்க அடிக்கத் தூள்தான் கொட்டியது. “விடுங்க தம்பி, தலை வலிக்குது” என்றாள் அக்கா. சுத்தியலை வைத்துவிட்டு அவர் வெளியே போய் அழுதார்.

ஒரு காலையில், கூடத்தில் எல்லா விருந்தாளிகளும் காபிக்குக் காத்திருந்தபோது, மூத்தவர் சர்க்கரை எடுக்கச் சாமான் அறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். சர்க்கரை டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, எங்கள் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். போய்விட்டாள்.

“கத்திடாதே” என்றார் மூத்தவர். பிச்சை கேட்கிறவர் மாதிரி கேட்டார். “வெளியில எல்லாரும் இருக்காங்க.”

நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். என் கையால்தான் அன்றைக்குக் காபி போனது. சர்க்கரையும் போனது, அந்த டின்னிலிருந்தே. வெயில் வந்திருந்ததால் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு அருவிக்குக் கிளம்பிப் போனார்கள். மகள் மத்தியானம் வந்து சேர்ந்ததும், காதும் காதும் வைத்தாற்போலப் பின்வாசல் வழியாக அக்காவை எடுத்துக்கொண்டு போனோம். மகள் அழுதாள், நாங்கள் கையால் அவள் வாயைப் பொத்தினோம். பெற்ற தாய்க்கு வாய்விட்டு அழக்கூட இடமில்லாத வீடு எங்கள் வீடு. அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சாயங்காலம் அந்தப் பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். சமையலறை வாசலில் வந்து நின்று, “அந்த அம்மா எங்கங்க? பாப்பா இன்னிக்குத்தான் முதல் தடவையா குப்புற விழுந்தா. அவங்களுக்குக் காட்டணும்” என்றாள். மூத்தவர் என் பின்னாலிருந்து, “ஊருக்குப் போயிருக்காங்க” என்றார்.

எந்த ஊருக்கு? அக்கா இருந்தவரைதான் அந்தச் சத்தியம்.

“செத்துட்டாங்க. இன்னிக்குக் காலைல. நீங்க படுத்திருக்கிற அறை அவங்களோடது. வாழ்க்கையிலேயே அவங்க ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்.”

அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லை. “எங்களுக்குத் தெரியாதே... சொல்லியிருந்தா நாங்க கூடத்துலயே...” என்று குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது வழக்கமான அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

கடைக்கோடி அறை காலியானது. நான்தான் போய்ச் சுத்தம் செய்தேன். பழைய விரிப்பை உருவினேன், புது விரிப்பைப் போட்டேன், நான்கு மூலையையும் மடித்துச் செருகினேன், ஜன்னலைத் திறந்தேன். மரம் நின்றது. கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். யார் காதில் விழுந்தால் எனக்கென்ன என்று அழுதேன். ஒரு வாரம் முன்னால் காலியாகியிருக்கக் கூடாதா, மூன்று நாள் முன்னால், நேற்றுச் சாயங்காலமாவது காலியாகியிருக்கக் கூடாதா என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

கதவை யாரோ தட்டினார்கள்.

“யாராவது வந்திருக்காங்களா?” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

“இல்லைம்மா. நான்தான்” என்றார் மூத்தவர். “கொஞ்ச நேரம் உள்ள உட்காரட்டுமா?”

எழுந்து போய்த் திறந்தேன். எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, அழுது புரண்டாலும் கேட்க ஆள் இல்லாத அறை இருக்கிறது. விரிப்பு கசங்கிவிடுமே என்று சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். மூத்தவர் உள்ளே வந்தார். கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். விரிப்பில் ஓர் ஓரம் லேசாகச் சுருங்கியிருந்ததைக் கையால் நீவிவிட்டார். பிறகு அவரும் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.